தடுப்புக்கு அந்தப் பக்கம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. தூறல்ல ஏன் நிக்கறீங்க. செருப்பெல்லாம் கழட்ட வேணாம், இது என்ன வீடா, அசோசியேஷன் ரூம்தானே. நான்தான் வாட்ச்மேனை விட்டு உங்களைக் கூப்பிடச் சொன்னேன். அரங்கநாயகம். இந்த லட்சுமி வாசம் ஃப்ளாட்ஸுக்கு ஆறு வருஷமா நான்தான் செக்ரட்டரி. வேற யாரும் வர மாட்டேங்கறாங்க, அதனால நான். உட்காருங்க. அந்த ஃபேன் சுவிட்சை மட்டும் தொடாதீங்க, ஈரத்துல ஷாக் அடிக்கும்.

பின்னாடி வீட்டுக்குக் குடி வந்திருக்கறது நீங்கதானே? பார்த்தேன். சாமான் இறங்கும்போதே மாடியிலேருந்து பார்த்தேன். உங்க வீட்டம்மா ஆட்டோவுலேருந்து இறங்க எவ்வளவு சிரமப்பட்டாங்க, பாவம். எட்டு மாசமா? ஒன்பது பொறந்துடுச்சா! நல்லபடியா ஆகட்டும். அம்மா வீட்டுக்கு அனுப்பலையா? ஓ, அவங்களுக்கு அம்மா இல்லையா. ஓ. அதான் படி ஏற வேணாம், தரையோட இருக்கு, சௌகரியம்னு பார்த்து எடுத்தீங்களாக்கும். யாரா இருந்தாலும் அப்படித்தான் யோசிப்போம்.

ஒண்ணுமில்ல தம்பி, ஒரு கையெழுத்து வேணும். பயப்படாதீங்க, சொத்தை எழுதி வாங்கல. வெள்ளத் தடுப்புக்கு நகராட்சியில வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கணும். அக்கம்பக்கத்துல குடியிருக்கறவங்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் தருவாங்க. எங்களுக்கு ரெண்டு பக்கம் ரோடு, ஒரு பக்கம் காலி மனை. குடியிருக்கறதுன்னு பார்த்தா நீங்க ஒருத்தர்தான்.

தடுப்புன்னா என்னன்னு கேக்கறீங்களா? வீட்டுக்காரர் சொல்லலையா? ஒண்ணுமே சொல்லலையா? நல்ல மனுஷன். சரி, இந்த ஊருக்குப் புதுசு நீங்க, நானே சொல்றேன். மளிகைக் கடைக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறது நல்லது. அவன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருப்பான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

கேட் பக்கத்துச் சுவர்ல ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பதிச்சிருக்கே, வரும்போது பார்த்தீங்களா? ஏரி நிரம்பிச்சுன்னா அந்தச் சட்டத்துல அலுமினியப் பலகையை ஒண்ணு மேல ஒண்ணா இறக்கி, திருகி இறுக்கிடுவோம். நெஞ்சு உசரத்துக்கு வரும். காம்பவுண்ட் சுவர் ஏற்கெனவே கெட்டி. ரோட்டுல வெள்ளம் போனாலும் உள்ள சொட்டுத் தண்ணி வராது. இந்த ஏரியாவுலயே முதல்ல போட்டது நாங்கதான். அதுவும் முறைப்படி, பெர்மிட் வாங்கி.

பெர்மிட் எதுக்குன்னா, நாங்க இதைப் போடறதுக்கு முந்தின வெள்ளத்துல ஆளாளுக்கு வாசல்ல மணல் மூட்டையை அடுக்கினாங்க. ஒருத்தன் வீட்டுத் தண்ணி இன்னொருத்தன் வீட்டுக்குப் போச்சு. மண்வெட்டியைத் தூக்கிட்டு வெட்டுக்குத்து வரைக்கும் போயிடுச்சு தம்பி. அதுக்கப்புறம்தான் நகராட்சி விதி போட்டுது. சிவப்பு எச்சரிக்கை வந்தப்புறம்தான் பலகை போடணும். தண்ணி வடிஞ்சா உடனே எடுத்துடணும். ரோட்டு மேல ஒரு மூட்டை வைக்கக் கூடாது. உள்ள தேங்கற மழைத் தண்ணியை மோட்டார் வெச்சு எடுத்தா, அது ரோட்டோர வடிகால்லதான் விழணும். ஆபத்துன்னா ஏறி இறங்க ஒரு ஏணி இருக்கணும். அக்கம்பக்கத்துச் சம்மதம் வேணும். எனக்கு மனப்பாடம். ரயில்வே சிக்னல்ல காலம் தள்ளினவன் நான். எனக்கு விதின்னா விதி.

உங்க வீட்டுல அப்போ செண்பகம்னு ஒரு அம்மா இருந்தாங்க. வீட்டுலயே மாவு அரைச்சு விக்கறவங்க. நல்ல மாவு தம்பி, பொய் சொல்ல மாட்டேன். எங்க ஃப்ளாட்ஸ்ல பாதி வீட்டு இட்லி அவங்க மாவுலதான். அவங்க வீட்டுக்காரர் தணிகாசலம், லாரி ஓட்டினவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சு. கட்டிலோட கட்டில். பேச்சும் குளறும். எல்லாம் அந்தம்மாதான்.

கையெழுத்துக்கு நான்தான் போனேன். அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "நீங்க அடைச்சுட்டா எங்க பக்கம் தண்ணி ஏறும் சார். நான் எப்படியாவது நீந்திக்குவேன். இவரை என்ன பண்ணுவேன்?" நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், "நாங்க எதுக்கு இருக்கோம்? தண்ணி வந்தா ஒரு குரல் கொடும்மா, நாலு பேர் வந்து கட்டிலோட தூக்கிட்டு வந்து முதல் மாடியில படுக்க வெச்சுடுவோம்." மனசாரத்தான் சொன்னேன். அந்தம்மா ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு பாத்திரம் மாவும் குடுத்தாங்க, காசு வாங்கிக்கல.

டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி.

நகராட்சியிலேருந்து இன்ஜினியர் அம்மா வந்து பார்த்தாங்க. சட்டம் சரி, ஏணி சரி, மோட்டார் குழாய் சரி. அப்போ குழாயைத் தென்மேற்குல, கன்னி மூலையிலதான் வெச்சிருந்தோம். வடிகால் அந்தப் பக்கம்தானே இருக்கு. முத்திரை குத்திக் குடுத்துட்டுப் போனாங்க.

குழாய் வெச்ச மாசமே என் வீட்டுக்காரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுது. பொருளாளர் வைத்தியலிங்கம், முதல் மாடி, அவர் பையனுக்கு நிச்சயமான கல்யாணம் நின்னுபோச்சு. ரெண்டாவது மாடியில ஒருத்தருக்கு வேலை போச்சு. மூணும் ஒரே மாசத்துல நடந்தா என்ன நினைப்பீங்க? வாஸ்து பார்க்கறவரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் குழாயைப் பார்த்த உடனே தலைல அடிச்சுக்கிட்டார். "கன்னி மூலையில தண்ணி வெளிய போனா குடும்பத் தலைவனையே கொண்டு போயிடும்யா. தண்ணி போகணும்னா ஈசானியத்துல போகட்டும்"னார். ஈசானியம்னா வடகிழக்கு. பொதுக்குழுவுல ஒருத்தர் கூட எதிர்க்கல தம்பி. சுவருக்கு என்ன கலர் அடிக்கறதுன்னு மூணு கூட்டம் போட்டுச் சண்டை பிடிச்ச ஜனங்க, அன்னிக்கு ஒரே வாய்ல சரின்னுட்டாங்க. மஞ்சள் குங்குமம் வெச்சு, தேங்காய் உடைச்சு, குழாயை மாத்தினோம்.

நம்புங்க, என் வீட்டுக்காரி அடுத்த மாசம் எழுந்து நடந்தா.

ஈசானிய மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கறீங்களா? ஆமா. உங்க சமையலறைச் சுவர்தான். நடுவுல அந்த ஒத்தையடிச் சந்து.

நகராட்சிகிட்ட சொன்னீங்களான்னு கேக்கறீங்க. அவங்க கேக்கலையே தம்பி.

போன கார்த்திகையில ஏரி நிரம்பிச்சு. விடிஞ்சதும் சிவப்பு எச்சரிக்கை வந்துது. விதிப்படி அதுக்கப்புறம்தான் பலகையைத் தொட்டோம். வாட்ச்மேன் ஏகாம்பரமும் நானும் வைத்தியலிங்கமும் சேர்ந்து திருகி முடிக்கறதுக்குள்ள ரோட்டுல முழங்கால் தண்ணி. அப்புறம் இடுப்பு. பலகைக்கு இந்தப் பக்கம் நாங்க காஞ்ச செருப்போட நிக்கறோம், அந்தப் பக்கம் தண்ணி ஓடுது. எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. ஏன் இல்லைன்னு சொல்லணும்?

மழை உள்ளயும்தானே பெய்யுது. கார் நிறுத்தற இடத்துல தண்ணி தேங்க ஆரம்பிச்சுது. மோட்டாரைப் போட்டோம். குழாய் என்ன வேகமா கக்குச்சு தெரியுமா, அவ்வளவு பெரிய மோட்டார்.

கொஞ்ச நேரத்துல அந்தம்மா வந்தாங்க. தண்ணியில தடவித் தடவி கேட்டுக்கு வந்தாங்க. "செக்ரட்டரி சார், வீட்டுக்குள்ள வந்துடுச்சு சார். கட்டில் நனையுது. வாங்க சார், அவரைத் தூக்கணும்." நான் சொன்னேன், "அம்மா, பலகை போட்டாச்சு. இப்போ ஒண்ணை எடுத்தா மொத்தமும் உள்ள வந்துடும். பதினாலு காரு நிக்குது." அது பொய்யா? ஒரு பலகையை எடுத்தா அந்த அழுத்தத்துக்கு ஆளையே அடிச்சுட்டுப் போயிடும்.

ஏகாம்பரம் சொன்னான், "பலகையை எடுக்க வேணாம் சார். ஏணியை அந்தப் பக்கம் இறக்குங்க, நான் போயி போர்வையில கட்டித் தூக்கிட்டு வரேன்"னு. ஏணி இருந்துது. இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, பெர்மிட்டுக்குன்னே வாங்கின இரும்பு ஏணி. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பக்கம் ஏணியை இறக்கினா இவங்க மட்டுமா ஏறுவாங்க? தெருவே ஏறும். சின்னப் பிள்ளைங்களும் நாயும் மூட்டையுமா வரும். வைத்தியலிங்கம் அப்பவே சொல்லிட்டார், "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். பலகையில பாரம் விழுந்தா சட்டம் பெயர்ந்துடும், அப்புறம் எல்லாருக்கும் ஆபத்து." விதியில ஏணி இருக்கணும்னுதான் இருக்கு தம்பி. எந்தப் பக்கம் இருக்கணும்னு இல்லையே. நாங்க இந்தப் பக்கம் வெச்சிருந்தோம்.

நான் சும்மா நிக்கல. தீயணைப்புக்குப் போன் பண்ணினேன். படகு வருதுன்னாங்க. "படகு வருதும்மா, தைரியமா இரு"ன்னு சொன்னேன்.

அந்தம்மா பலகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, "சரி சார், மோட்டாரையாவது நிறுத்துங்க. உங்க குழாய்த் தண்ணி நேரா எங்க ஜன்னல்ல அடிக்குது."

நிறுத்தினேன் தம்பி. இதை யாரும் சொல்ல மாட்டாங்க பாருங்க, நான் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சேன். இங்க டயர் முங்க ஆரம்பிச்சுது. மேல பால்கனியிலேருந்து ஒவ்வொருத்தரா கத்தறாங்க. மெயின்டனன்ஸ் கட்டறது எங்களுக்காகவா, பின்னாடி வீட்டுக்காகவான்னு ஒருத்தன் கேக்கறான். நேத்து வாங்கின கார்னு ஒருத்தி அழறா. நான் செக்ரட்டரி. யாருக்குப் பதில் சொல்லணும் நான்? மறுபடி போட்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டதும் அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் வீட்டுப் பக்கம் போயிட்டாங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல. கூப்பிடலைன்ன உடனே பள்ளிக்கூடத்துப் பக்கம் மேடு இருக்கே, அங்க போயிருப்பாங்கன்னு நினைச்சேன். நினைக்கறது தப்பா?

சாயங்காலம்தான் படகு வந்துது. கதவை உடைச்சாங்க. கட்டில் மேல ஸ்டூலைப் போட்டு, அதுமேல அவரைச் சாய்ச்சு, தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சுட்டே நின்னிருக்காங்க அந்தம்மா. எவ்வளவு நேரமோ. ஒரு கட்டத்துல கை விட்டுப் போயிருக்கு. அவங்களை முதல்ல கொண்டு வந்தாங்க. அவரை அப்புறம் கொண்டு வந்தாங்க.

முடியாத மனுஷன்தான் தம்பி. நாள் எண்ணிட்டு இருந்தவர். ஆனாலும்.

ஆனாலும் மனசு கேக்கலை. நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. காரியத்துக்கு மாலை வாங்கிட்டு நானே போனேன். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. தெருவே என் கேட்ல சேத்தை அள்ளி அடிச்சுது, மளிகைக் கடைக்காரன் சாமான் கிடையாதுன்னான். அந்தம்மா மட்டும் மாலையை வாங்கி வெச்சுட்டு, உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். அப்புறம் திண்டிவனத்துல மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க. போகும்போது கிரைண்டரைக் கூட எடுத்துக்கல.

அதுலேருந்து எங்க வீட்டுப் பின்பக்கத்து ஜன்னலை நான் திறக்கறதில்ல. கொசு.

என் வயித்தெரிச்சல் என்னன்னா, எல்லாரும் என்னையே சொல்றாங்க. சந்துல அன்னிக்கு இருந்த தண்ணியில எது ஏரித் தண்ணி, எது எங்க மோட்டார் தண்ணி? தண்ணியில பேரா எழுதியிருக்கு? இன்ஜினியர் அம்மா வந்து அளந்து, குழாய் ஏன் இங்க இருக்குன்னு நோட்டீஸ் விட்டாங்க. வாஸ்துன்னு எழுதிக் குடுக்க முடியுமா? வேலையாள் தவறுதலா மாத்திட்டான்னு எழுதிக் குடுத்தோம். அபராதம் கட்டினோம். அந்த இன்ஜினியரையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க. இப்போ வேற ஒருத்தர் வந்திருக்கார். விஷயம் தெரிஞ்சவர்.

உங்க வீட்டுச் சுவர்ல புது பெயிண்ட் பளபளன்னு இருக்கே, அது எதுவரைக்கும் இருக்குன்னு பார்த்தீங்களா? கழுத்து உசரத்துக்கு மேல பழைய பெயிண்ட்தான். வீட்டுக்காரர் சிக்கனமானவர், கறை இருந்த வரைக்கும்தான் அடிச்சிருக்கார்.

ஏன் எழுந்துட்டீங்க? உட்காருங்க தம்பி. நான் மறைக்காமத்தானே சொல்றேன். மறைக்கணும்னா கூப்பிட்டு வெச்சுச் சொல்லுவேனா?

குழாயா? அங்கதான் இருக்கு. தேங்காய் உடைச்சு வெச்சதைப் பிடுங்க முடியுமா? வைத்தியலிங்கம் பையனுக்கு இந்த ஆவணியிலதான் கல்யாணமாச்சு. இப்போ போயி அதைக் கன்னி மூலைக்கு மாத்துன்னு சொன்னா என்னை அடிக்க வருவாங்க. ஏணி விஷயம் நானே யோசிச்சு வெச்சிருக்கேன். அந்தப் பக்கமும் ஒண்ணு வைக்கலாம்னு பொதுக்குழுவுல கண்டிப்பா பேசப் போறேன். பொதுக்குழு தை மாசம். மழையெல்லாம் ஓய்ஞ்சு எல்லாரும் நிம்மதியா வர்ற மாதிரி வெச்சிருக்கோம்.

கையெழுத்துப் போடலைன்னா பரவாயில்ல தம்பி, நான் வற்புறுத்தல. உங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே போட்டுக் குடுத்துட்டார். வீட்டை வாடகைக்கு விட வந்த அன்னிக்கே போட்டுட்டார். புது இன்ஜினியர் அது போதும்னுட்டார். குடியிருக்கறவங்களையும் ஒரு வார்த்தை கேக்கறது மரியாதைன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. ஹலோ... ஆமா... எப்போ? இப்பவா? கலங்கல் மேலயா? சரி. சரி, வெச்சுடுங்க.

ஏரி வழியுதாம் தம்பி. சிவப்புக் குடுத்துட்டாங்க. ஏகாம்பரம்! ஏய் ஏகாம்பரம்! பலகையை எடுத்துட்டு வா. வைத்தியலிங்கத்தைக் கூப்பிடு. மோட்டாருக்கு டீசல் இருக்கான்னு பாரு.

நீங்க நிக்காதீங்க தம்பி, முதல் பலகையை இறக்கறதுக்கு முன்னாடி வெளிய போயிடுங்க. அப்புறம் தாண்டிக் குதிக்கணும். பார்த்து, வழுக்கும்.

என்ன? என்ன கேக்கறீங்க, சத்தத்துல காதுல விழல. இப்பவே கூட்டிட்டு வந்துடறீங்களா? யாரை, உங்க வீட்டம்மாவையா? இங்கயா?

வரட்டும் தம்பி, அதுக்கென்ன, வராம என்ன. நாங்க எதுக்கு இருக்கோம். ஆனா முதல் மாடியில இடம்னா வைத்தியலிங்கத்தைக் கேக்கணும். குடியிருக்கறவங்க தவிர வெளியாள் தங்கணும்னா கமிட்டியில ரெண்டு பேர் சம்மதிக்கணும், அது எங்க பைலா. அவர் இன்னும் இறங்கி வரல. அவசரப்படாதீங்க. அவங்களையும் இந்தத் தூறல்ல நடக்க விட்டு, வழுக்கி கிழுக்கி விழுந்தா என்ன ஆகறது, பிள்ளைத்தாச்சி. தெருவுல பாருங்க, இன்னும் கணுக்கால் கூட நனையல. முதல்ல தண்ணி வரட்டும் தம்பி. வந்தா ஒரு குரல் குடுங்க, பார்த்துக்கலாம்.

ஏகாம்பரம், என்ன மூஞ்சியைப் பார்த்துட்டு நிக்கற. ரெண்டாவது பலகையை இறக்கு.